கவுதாரியின் பெயரில் ஒரு புதுச்சேரி

போன வருஷக் கடைசியில் எங்க சித்தப்பா பையன் தென்னாப்பிரிக்கா போய்விட்டு வந்தான். க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் கார் எடுத்து, வழிகாட்டி யாரும் இல்லாமல், தானே ஓட்டிக்கொண்டு ஆறு நாள் சுற்றியிருக்கிறான். அங்கே அது சகஜமாம். 1927-லேயே பொதுமக்கள் சொந்தக் காரில் உள்ளே போகத் தொடங்கிவிட்டார்கள். தார் ரோட்டில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அனுமதி இல்லாத இடத்தில் காரைவிட்டு இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். மற்றபடி அவரவர் வண்டி, அவரவர் வழி.

வாட்ஸப்பில் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வந்து குவிந்தது. நடுவில் ஒரு படம். முகாமுக்குள் சாப்பாட்டு மேசை ஓரமாக ஒரு பறவை மேய்ந்துகொண்டிருந்தது. கீழே அவன் எழுதியிருந்தான்: "அண்ணே, இது நம்ம ஊர் கவுதாரி மாதிரியே இல்ல?"

கவுதாரி இல்லை. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அது கொண்டைக் கவுதாரி. விலங்கியல் பெயர் ஆர்டிகோர்னிஸ் செஃபேனா. நம்ம ஊர் கவுதாரியின் பெயர் ஆர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அண்மையில்தான் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். ஆக, அவன் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மேய்ந்தது பாகூர்க் கவுதாரிக்கு நெருங்கிய சொந்தம்தான்.

எனக்கு அந்த இரண்டாவது சொல்தான் மனசில் நின்றது. பாண்டிசெரியானஸ். புதுச்சேரியைச் சேர்ந்தது என்று அர்த்தம். பாகிஸ்தானில் தொடங்கி இலங்கை வரை இருக்கிற ஒரு பறவைக்கு நம்ம ஊர்ப் பெயரை யார் வைத்தது? அதைத் தேடப் போனபோது கிடைத்ததைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஊரைப் பார்க்காமலே பெயர் வைத்தவர்

பெயர் வைத்தவர் யோகான் ஃபிரெடரிக் குமெலின் என்ற ஜெர்மானியர். லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' நூலை விரிவாக்கி 13-ஆம் பதிப்பாக வெளியிட்டார். அதில் 1789-இல் வந்த பகுதியில்தான் நம்ம கவுதாரிக்கு லத்தீன் பெயர் கிடைத்தது. அதே 1789-இல் இன்னொரு பறவைக்கும் பாண்டிசெரியானஸ் என்றே வைத்தார். அது காட்டுக்கீச்சான். சாம்பல் உடம்பு, கண் ஓரம் கறுப்புப் பட்டை, வேப்பமரக் கிளைக்குள் சத்தமில்லாமல் பூச்சி தேடும் சின்னப் பறவை. பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

குமெலின் புதுச்சேரிக்கு வந்தவர் இல்லை. புத்தகங்களிலிருந்து தொகுத்தவர். அவருக்கு முன்னால் ஆங்கிலேயர் ஜான் லேதம் இதே பறவையை 'பாண்டிச்சேரி பார்ட்ரிட்ஜ்' என்று எழுதியிருந்தார். அவரும் இங்கே வரவில்லை. இரண்டு பேரும் நம்பியது ஒரே ஆளை. அவர் பெயர் பியர் சொன்னரா.

சொன்னரா 1748-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்தவர். இருபது வயதிலேயே கப்பலேறி மொரீஷியஸ் போனார். அங்கிருந்து பிலிப்பைன்ஸ் பக்கம். 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா என்று சுற்றினார். 1782-இல் அந்தப் பயணங்களை இரண்டு பெரிய தொகுதிகளாக, படங்களோடு, பாரிஸில் வெளியிட்டார். நம்ம கோயில்கள், திருவிழாக்கள், தொழில்கள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இரண்டாம் தொகுதியில் பறவைகள், விலங்குகள், செடிகள் வருகின்றன. 1786-லிருந்து 1813 வரை புதுச்சேரி, ஏனாம் பக்கமே வாழ்ந்துவிட்டு, பிரான்ஸ் திரும்பிய அடுத்த வருஷமே பாரிஸில் இறந்தார்.

அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் சுட்டு விழுத்தி, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டு கட்டுவது. ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்த குமெலினுக்கும் லேதமுக்கும் அந்தச் சீட்டில் இருந்த ஊர்ப்பெயர்தான் எல்லாம். சீட்டு சரி என்றால் அறிவியல் சரி. சீட்டு தப்பு என்றால்?

சொன்னரா சொன்னாரா?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. 1776-இல் சொன்னரா 'நியூ கினியா பயணம்' என்று ஒரு புத்தகம் போட்டார். விஷயம் என்னவென்றால், அவர் நியூ கினியாவுக்குப் போகவே இல்லை. அந்தப் புத்தகத்தில் பென்குவின்கள் வருகின்றன. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து மழைக்காட்டுத் தீவில் பென்குவின்! இன்றைக்கும் ஜென்டூ பென்குவின் இனத்தின் அறிவியல் பெயரில் 'பப்புவா' இருக்கிறது. பப்புவாவில் அது ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொன்று ஆஸ்திரேலியாவின் கூக்கபரா. சிரிக்கிற மாதிரி கத்துமே, அந்தப் பெரிய மீன்கொத்தி. அதையும் நியூ கினியாவில் பார்த்ததாகச் சொன்னரா எழுதினார். அவர் கைக்கு வந்தது குக் மாலுமியோடு ஆஸ்திரேலியா போன இயற்கையாளர்கள் கொண்டுவந்த தோல். அதை நம்பி 1783-இல் ஒருவர் 'நோவேகினியே' என்று பெயர் வைத்தார். பெயர்வைப்பு விதிப்படி முதலில் வைத்த பெயரை இடம் தப்பு என்பதற்காக மாற்ற முடியாது. 240 வருஷமாகத் தப்பு அப்படியே நிற்கிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆள் 'புதுச்சேரி' என்று எழுதியதை எப்படி நம்புவது?

அவருடைய 1782 புத்தகத்தில் புதுச்சேரி மட்டும் இல்லை, 'ழாங்ஜி' என்ற பெயரும் திரும்பத் திரும்ப வருகிறது. ழாங்ஜி என்றால் நம்ம செஞ்சி. செஞ்சிக் கழுகு, செஞ்சிச் சின்ன மைனா, செஞ்சிச் சின்னக் காடை. செஞ்சிக் கழுகு என்றது மஞ்சள்முகப் பாறு. அதன் இந்தியக் கிளையினத்துக்கு 1790-இல் லேதம் 'ஜின்ஜினியானஸ்' என்று வைத்தார், செஞ்சியை நினைத்து. இது நம்பக்கூடியது. செஞ்சிக்கு வடகிழக்கே இருக்கிற திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிவேளையில் இரண்டு பறவைகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போனதே, அது இதே பாறுதான். 1990-களோடு அந்த வருகையும் நின்றுபோனது.

செஞ்சிக் காடையும் சரி. கறுப்பு நெஞ்சுள்ள மழைக்காடை நம்ம பக்கத்துப் புல்வெளிப் பறவைதான். குமெலின் அதற்குக் கோரமண்டலத்தின் பெயரை வைத்தார்.

ஆனால் செஞ்சி மைனா? அதுவும் 'ஜின்ஜினியானஸ்' தான். ஆற்றங்கரை மைனா என்கிற அந்தப் பறவை முக்கியமாக வடஇந்தியச் சமவெளியில் வாழ்வது. செஞ்சியில் போய்த் தேடினால் சாதாரண மைனாதான் கிடைக்கும். கூண்டில் விற்க யாரோ வடக்கிலிருந்து கொண்டுவந்திருக்கலாம், சீட்டு மாறியிருக்கலாம். எதுவானாலும் பெயர் செஞ்சிக்கே நின்றுவிட்டது.

சொன்னராவை ஒரேயடியாகப் பொய்யர் என்று தள்ளவும் முடியாது. நம்ம காட்டுக்கோழியை, அதாவது சாம்பல் காட்டுக்கோழியை, ஐரோப்பாவுக்கு விரிவாக அறிமுகப்படுத்தியவர் அவர்தான். வீட்டுக்கோழியின் மூதாதை இதுதான் என்று வாதிட்டார். பின்னால் டார்வின், இல்லை, செங்காட்டுக்கோழிதான் மூதாதை என்று சொன்னார். சொன்னரா தோற்றார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2008-இல் வந்த மரபணு ஆய்வு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. நாம் வாங்குகிற கோழியின் மஞ்சள் காலில் சொன்னராவுக்குப் பாதி வெற்றி இருக்கிறது. டெம்மின்க் 1813-இல் அந்தக் காட்டுக்கோழிக்குச் 'சொன்னராட்டியை' என்று வைத்த பெயரும் நிற்கிறது.

ஆக, கண்ணால் பார்த்ததைச் சொன்னபோது சொன்னரா நல்ல சாட்சி. பார்க்காத இடத்தைப் பார்த்ததாகச் சொன்னபோதுதான் கெட்டுப்போனார்.

எல்லைக்கல் நட்ட ஊர்

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இடத்தையும் நாளையும் சரியாக எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதுசா என்ன? பாகூரை எடுத்துக்கொள்ளுங்க. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. தானம் கொடுக்கிற நிலத்தைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, நாலு பக்கத்து எல்லையும் எழுதி வைப்பது அந்தக் காலச் செப்பேடுகளின் வழக்கம். எந்த ஏரி, எந்த வாய்க்கால், எந்தப் புறம் என்பதில் சந்தேகமே வராது.

சொன்னரா காலத்துக்கே வருவோம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை நாள், கிழமை, நாழிகை போட்டு எழுதினார். 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீரா நாயக்கர் நாட்குறிப்பு எழுதினார். அதாவது சொன்னரா இங்கே நடமாடிய அதே வருஷங்களில், அதே ஊரில், ஒரு தமிழர் உட்கார்ந்து நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்குப் பறவைகள் பொருட்டல்ல, பறவைகளை எழுதினவருக்கு இடம் அவ்வளவு பொருட்டல்ல. இந்த இரண்டு பழக்கமும் ஒரே ஆளிடம் சேர ரொம்பக் காலம் ஆனது. 1862-லிருந்து 1864-க்குள் ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் எழுதிய 'இந்தியப் பறவைகள்' நூலில்தான் வாழிடம், பழக்கம், உள்ளூர்ப் பெயர் எல்லாம் ஒன்றாக வந்தன.

வண்டியை எடுத்துக்கொண்டு

சரி, சொன்னரா சொன்னதை நாமே பார்த்துவிடுவோம் என்று பொங்கலுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்தேன். க்ரூகர் பூங்கா 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். புதுச்சேரிப் பகுதி மொத்தமே சுமார் 290. நம்ம சஃபாரிக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் தாராளம். சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல். அரபியின் 'சஃபர்', பயணம், அதிலிருந்து வந்தது. பயணம் என்றுதான் அர்த்தமே தவிர சிங்கம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் பாகூர். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து நிறையும் ஏரி. புதுச்சேரியின் ஏரிகள் 84 என்பார்கள். அதில் ஊசுட்டேரிக்கு அடுத்தது இது. கரைமேல் மெதுவாகப் போனால் நாமக்கோழிக் கூட்டம், நீலத்தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா என்று வரிசையாகக் காணலாம். வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தால் பறவை நகர்வதில்லை. காலைக் கீழே ஊன்றி இறங்கினால் உடனே பறக்கிறது. காரைவிட்டு இறங்காதே என்று க்ரூகரில் சிங்கத்துக்குப் பயந்து சொல்கிறார்கள். பாகூரில் நாரைக்கு நம்ம மேல் இருக்கிற பயத்துக்காக அதையே கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

கரையில் வயலுக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஐயா, இந்தப் பக்கம் கவுதாரி இருக்குங்களா?"

"இருந்துச்சு தம்பி. இந்த மேட்டுல முள்ளுவேலி இருந்தப்ப காலையில அதுதான் எழுப்பிவிடும். இப்ப வேலியெல்லாம் எடுத்துட்டு பிளாட் கல்லு நட்டுட்டாங்க. எப்பவாச்சும் சத்தம் வருது."

கல்லும் கள்ளியும் நட்ட ஊரில் இப்போது கள்ளி போய்க் கல் மட்டும் நிற்கிறது. கவுதாரிக்குத் தேவை ஏரி இல்லை. ஒதுங்க முள்புதர், மேயக் கரம்பு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஏரிக்கு வேலி போட்டுச் சரணாலயப் பலகை வைக்கலாம். வேலிக்காத்தானும் கள்ளியும் மண்டின மேட்டுக்கு யார் பலகை வைப்பது? 'தரிசு' என்றுதான் கணக்கில் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைக் கண்ணி வைத்துப் பிடிப்பது குற்றம். அது ஒதுங்குகிற புதரை மண்வெட்டும் இயந்திரம் வைத்து வாருவது குற்றமில்லை.

அங்கிருந்து வில்லியனூர் வழியாக ஊசுட்டேரி. வழியில் தாண்டுகிற சங்கராபரணி ஆற்றுக்கு இன்னொரு பெயர் செஞ்சியாறு. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வில்லியனூரைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது. அதன் தண்ணீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்குக் கொண்டுவருகிறது. பாலத்தில் நின்றபோது தோன்றியது: சொன்னராவின் 'செஞ்சி' மலைக்கோட்டை மட்டுமா, இல்லை கோட்டையிலிருந்து இந்த ஆறு வரை இருந்த மேட்டுநிலம் முழுவதுமா? இது என் யூகம்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு உள்நாட்டின் அடையாளமே செஞ்சியாக இருந்திருக்கும். 1750-லிருந்து 1761 வரை அந்தக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையில்தானே இருந்தது.

ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர். கிட்டத்தட்டப் பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதியை 2014-இல் அறிவித்தது. ஒரே தண்ணீர், ஒரே கூழைக்கடா. காலையில் இந்தப் பக்கம் மீன் பிடித்துச் சாயந்திரம் அந்தப் பக்கம் தூங்கும். ஆறு வருஷம் அதற்குப் பாதி ஏரியில்தான் சட்டப் பாதுகாப்பு இருந்தது.

நான் செய்த சொன்னரா வேலை

அன்றைக்கு மதியம் பூத்துறைப் பக்கத்துச் செம்மண் மேட்டில், முந்திரித் தோப்பு ஓரமாக, மூன்று கவுதாரி பார்த்தேன். அரை மணி நேரத்தில் அதே இடத்தில் ஒரு ஜோடி காட்டுக்கீச்சான். பாண்டிசெரியானஸ் இரண்டும் ஒரே மதியத்தில்! சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்து ஈ-பேர்ட் செயலியில் பதிவு செய்தேன். இடம் என்று கேட்டதற்கு, ஏற்கெனவே பட்டியலில் இருந்த 'ஊசுட்டேரி, புதுச்சேரி' என்பதையே தட்டிவிட்டேன். பெயருக்கும் பொருத்தமாக இருக்குமே என்ற ஆசையும் இருந்தது. மறைப்பானேன்.

இரண்டு நாள் கழித்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து பணிவான கடிதம். "ஏரியில் பார்த்தீர்களா, மேட்டில் பார்த்தீர்களா? எந்தப் பக்கம்?" வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நின்றது தமிழ்நாடு. ஏரியிலிருந்து தள்ளி, சரணாலயத்துக்கு வெளியே.

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. 1776-இல் பென்குவினை நியூ கினியாவில் நிறுத்தினவரை இத்தனை நேரம் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். நான் செய்ததும் அதேதான். நல்ல பெயருள்ள இடத்தில் பறவையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

சின்னத் தப்பு என்று தோன்றும். யோசித்துப் பாருங்க. 'இந்தியப் பறவைகளின் நிலை' 2023 அறிக்கை, சுமார் 30,000 பேர் பதிந்த 3 கோடிக் குறிப்புகளை வைத்து எழுதப்பட்டது. எந்த இனம் குறைகிறது, எந்த வாழிடம் போகிறது என்று சொல்வதற்கு அடிப்படை நம்மைப் போன்றவர்களின் சீட்டுகள்தான். மேட்டில் பார்த்த கவுதாரியை ஏரியில் பார்த்ததாக நானும் இன்னும் பத்துப் பேரும் எழுதினால் என்ன ஆகும்? கவுதாரி சரணாலயத்துக்குள் பத்திரமாக இருக்கிறது என்று கணக்கு சொல்லும். அந்த மேட்டில் பிளாட் போடும்போது, இங்கே ஒன்றுமே இல்லையே என்றும் அதே கணக்கு சொல்லும்.

பதிவைத் திருத்தினேன். இடத்தை மேட்டிலேயே குத்தினேன். 'முந்திரித் தோப்பு ஓரம், முள்புதர், செம்மண்' என்று குறிப்பும் சேர்த்தேன்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் ஒன்று சொன்னான். க்ரூகர் முகாம்களில் ஒரு பெரிய வரைபடப் பலகை மாட்டியிருப்பார்களாம். இன்றைக்கு யார் எங்கே சிங்கம் பார்த்தார்கள், சிறுத்தை பார்த்தார்கள் என்று ஒவ்வொருவரும் வண்ணக் குண்டூசி குத்தலாம். "சும்மா ஒரு இடத்துல குத்திட்டா என்ன ஆகும்?"ன்னு கேட்டேன். "அடுத்த வண்டிக்காரன் நாப்பது கிலோமீட்டர் வீணாப் போவான்ணே" என்றான்.

பொங்கலை ஒட்டி, 2015-லிருந்து வருஷாவருஷம், தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இடத்தோடு பதிந்தால் போதும். பாகூரிலோ வில்லியனூரிலோ இருக்கிறவர்கள் அடுத்த முறை ஏரிக்குப் போகும் வழியில், வீட்டுமனை விளம்பரப் பலகை நிற்கிற ஏதாவது ஒரு முள்மேட்டிலும் கால் மணி நேரம் நின்று பாருங்க. கவுதாரி இருந்தால் எழுதுங்க. இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதுங்க. எந்த மேடு என்பதை மட்டும் சரியாக எழுதுங்க.